மண்ணைத் தொடாமல் ஒப்புதல் தராதீர்கள்: படைத்தள மாசுநீக்க மேற்பார்வையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சான் பிரான்சிஸ்கோவின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள ஹண்டர்ஸ் பாயிண்ட் கப்பல் தளத்தை அமெரிக்கக் கடற்படை 1974-இல் மூடியது. 1946-இல் பிகினி தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளில் கதிரியக்கம் படிந்த கப்பல்கள் பலவற்றை இங்கே கொண்டுவந்து கழுவினார்கள்; கடற்படையின் கதிரியக்கப் பாதுகாப்பு ஆய்வகமும் 1969 வரை இங்கேயே இயங்கியது. 1989-இல் இத்தளம் சூப்பர்ஃபண்ட் என்னும் கூட்டாட்சி மாசுநீக்கத் திட்டத்தின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாசுநீக்கும் பொறுப்பு கடற்படையுடையது. கதிரியக்கத் துப்புரவு வேலையைச் செய்தது டெட்ரா டெக் இசி என்னும் ஒப்பந்த நிறுவனம். மேற்பார்வை கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமைக்கும் கலிபோர்னியா மாநிலத் துறைகளுக்கும் உரியது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தும், சோதிக்க வேண்டிய இடத்து மண்ணுக்குப் பதிலாகச் சுத்தமானது என்று முன்பே தெரிந்த இடத்து மண் ஆய்வகத்துக்குப் போனது. அந்நிறுவனத்தின் மேற்பார்வையாளர்கள் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2018-இல் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள்.

மாநில அதிகாரி செய்யக்கூடிய தவறுகளிலேயே பெரியது, அறிக்கையைப் படித்ததையே நிலத்தைப் பார்த்ததாக எடுத்துக்கொள்வதுதான். ஒரு மண் மாதிரியின் பயணத்தைக் கவனியுங்கள். பணியாளர் குறித்த இடத்தில் மண்ணை அள்ளிக் கொள்கலத்தில் இடுகிறார். எண், இடம், நேரம் எழுதிய சீட்டை ஒட்டுகிறார். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கான படிவத்தில் கையெழுத்திடுகிறார். அதன்பின் நடக்கும் எல்லாம், ஆய்வகக் கருவியின் துல்லியம் உட்பட, அந்த முதல் கையெழுத்தை நம்பியே நிற்கின்றன. மண் மாறிவிட்டால், ஆய்வகம் தரும் சரியான எண் தவறான இடத்துக்கு உரியதாகிவிடுகிறது. மாநிலத் துறையின் மேசைக்கு வருவதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட, குறையே சொல்ல முடியாத அறிக்கை.

ஆகவே மேற்பார்வையாளர் முன்னறிவிப்பின்றிக் களத்துக்குப் போக வேண்டும்; அதே குழியிலிருந்து அதே நேரத்தில் தம் பங்குக்கு மாதிரி எடுத்து, ஒப்பந்ததாரரோடு தொடர்பில்லாத ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லாக் குழிகளிலும் இதைச் செய்ய ஆளும் பணமும் போதாது என்பது உண்மைதான். ஆனால் எந்தக் குழியில் செய்வார்கள் என்று ஒப்பந்ததாரருக்குத் தெரியாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மண்ணில் இயற்கையாகவே பொட்டாசியம்-40 போன்ற கதிரியக்கப் பொருட்கள் உண்டு. அவற்றின் அளவு இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அது மண்ணின் கைரேகை போலப் பயன்படும். ஹண்டர்ஸ் பாயிண்டிலும், சில மாதிரிகள் அதே இடத்தின் முந்தைய முடிவுகளோடு ஒட்டாமல் இருந்ததை 2012-இல் கவனித்த பிறகுதான் சந்தேகம் எழுந்தது.

தவறு வெளிப்பட்ட பின் செய்யும் தவறு ஒன்றும் உண்டு: சேதத்தின் அளவைக் கணக்கிடும் வேலையைப் பொறுப்பாளியிடமே விட்டுவிடுவது. ஹண்டர்ஸ் பாயிண்டை எழுத்துகளால் பெயரிட்டுப் பிரித்த பகுதிகளில் ஒன்றான ஜி பிரிவு நிலத்தில், ஆய்வுக்காக வகுத்த சிறு நில அலகுகளில் 49 விழுக்காட்டில் மறுபடி மாதிரி எடுத்தால் போதும் என்றது கடற்படையின் ஆய்வு. அதே தரவுகளைச் சுற்றுச்சூழல் முகமை பார்த்தபோது, 97 விழுக்காட்டு அலகுகளின் தரவுகள் நம்பத் தகாதவை என்ற முடிவுக்கு வந்தது. இரண்டாவது பார்வை இல்லாதிருந்தால் முதல் எண்ணே இறுதி எண்ணாகியிருக்கும்.

ஒப்பந்தத்தையும் படியுங்கள். மொத்த விலை பேசி எடுத்த வேலையில், கூடுதலாகத் தோண்டும் ஒவ்வொரு நாளும் ஒப்பந்ததாரரின் இழப்பாகிறது. அந்த அழுத்தம் எங்கே விழும் என்பதை அறிந்தவரால்தான் எங்கே பார்ப்பது என்று தீர்மானிக்க முடியும். களப் பணியாளரின் புகாரை வேலை போன ஆத்திரம் என்று தள்ளிவிடாதீர்கள். இங்கு மண் மாற்றப்பட்ட விதத்தை விவரமாகச் சொன்னவர்களில் முன்னாள் பணியாளர்களும் இருந்தார்கள்.

படைத்தளம் கூட்டாட்சி அரசின் நிலம், அங்கே மாநிலத்துக்கு என்ன அதிகாரம் என்று தயங்குவதும் தவறு. அபாயகரக் கழிவுச் சட்டத்தை மீறும் கூட்டாட்சி நிறுவனங்களுக்கு மாநிலங்கள் அபராதம் விதிக்க 1992-இல் வந்த சட்டம் வழிசெய்தது. அதே ஆண்டு ஹண்டர்ஸ் பாயிண்டுக்காகக் கையெழுத்தான மாசுநீக்க உடன்படிக்கையில் கலிபோர்னியாவும் ஒரு தரப்பு. அத்தகைய உடன்படிக்கைகளில் காலக்கெடுவும் தகராறு எழுப்பும் முறையும் இருக்கும். கடிதத்தில் 'கருத்து' எழுதி நிறுத்திக்கொள்ளாமல் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். மாநிலத்தின் மேற்பார்வைச் செலவைப் பாதுகாப்புத் துறையே ஈடுகட்டும் ஏற்பாடு உண்டு என்பதால், பணம் தருபவரிடம் குரல் தாழ்ந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதை உணர்ந்தே செயல்பட வேண்டும்.

கடைசியாக, கைமாறிய நிலத்தின் கோப்பை மூடிவிடாதீர்கள். ஏ பிரிவு நிலம் 2004-இல் நகரத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அங்கே வீடுகள் எழுந்தன. 2018-இல் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை தன் சொந்தக் கருவிகளுடன் அங்கே அளக்கப் போனபோது, வீடுகளுக்கு அருகே, ஓரடிக்கும் குறைவான ஆழத்தில் ரேடியம் பூசிய ஒரு சிறு வில்லை கிடைத்தது. இருட்டில் ஒளிரும்படி கப்பலின் மேல்தளத்தில் பதிக்கும் அடையாள வில்லை அது. மேற்பரப்பில் நடந்து அளக்கும் கருவிக்கு எட்டும் ஆழம் குறைவு. கட்டடங்களுக்கு அடியில் உள்ள மண்ணை அது அளப்பதில்லை.