தடைக்காலமும் தலைப்பிள்ளையும்: தினக்கூலி, ஒப்பந்த வேலைப் பெண்கள் உண்டாகியிருக்கும்போது செய்யும் தவறுகள்

மண்டபம் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நான் முதல் பிள்ளைக்கு உண்டானேன். இந்தப் பக்கத்து வேலை எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் போன் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. காற்று எச்சரிக்கை வந்தால் படகு போகாது, இலங்கைப் பக்கம் நம்ம ஆட்களைப் பிடித்துவிட்டால் ஸ்டிரைக், ஏப்ரல் 15 வந்துவிட்டால் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். கடலுக்குப் போகும் வீட்டுக்காரர் வருமானமும் இறால் உரிக்கும் நம்ம வருமானமும் ஒரே நாளில் நிற்கும், ஒரே நாளில்தான் திரும்ப ஆரம்பிக்கும். இதற்கு நடுவில் வயிற்றில் ஒரு பிள்ளை என்றால் என்ன பயம் வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பயத்தில் நான் செய்த தப்பு ஒன்றிரண்டு இல்லை. அவற்றோடு என் மதினியும் கூட வேலை பார்த்தவர்களும் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் தவறு, மறைப்பது. தடைக்காலம் வரும்வரை உண்டானதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டு நின்றேன். தெரிந்தால் போன் வராது என்ற நினைப்பு. அது முழுக்கத் தப்பான நினைப்பு என்றும் சொல்ல மாட்டேன், சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் மறைத்ததால் எனக்குக் கிடைத்தது என்ன? ஐஸ் கூடையை மற்றவர்களோடு சேர்ந்து தூக்கினேன், வாந்தி வந்தால் வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன், செக்கப்புக்கு லீவு கேட்கக் காரணம் இல்லாமல் போகவே இல்லை. இதையெல்லாம் விடப் பெரிய நஷ்டம், நான் உண்டாகியிருந்தது கம்பெனிக்குத் தெரியும் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லாமல் போனது.

அப்போ முதல் வாரமே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். நர்சம்மாவிடம் பதிவு பண்ணி, பிக்மி நம்பர் (அரசு தரும் கர்ப்பப் பதிவு எண்) வாங்கி, பிரசவத் தேதி போட்ட கார்டு கையில் வந்த பிறகு சொல்லுங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள். சூப்பர்வைசர் அண்ணன் நல்லவராகவே இருந்தாலும் "சரிம்மா, பாத்துக்கலாம்" என்று சொன்னது காற்றில் போய்விடும், ஆறு மாதம் கழித்து அந்த அண்ணனே வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். ஒரு வெள்ளைத்தாளில் பெயர், எந்த மாதத்திலிருந்து வேலை பார்க்கிறேன், பிரசவத் தேதி இது, இந்தத் தேதியிலிருந்து மகப்பேறு விடுப்பு வேண்டும், பணத்தை இன்னார் கையில் கொடுக்கலாம் என்று எழுதி, கார்டு ஜெராக்ஸ் சேர்த்துக் கொடுத்து, இன்னொரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதே தாளை ஸ்பீட் போஸ்டிலும் போடுங்கள். இதையெல்லாம் முன்னாலேயே செய்ய முடியாமல் போனவர்கள் பிள்ளை பிறந்த பிறகு சீக்கிரமாக எழுதிக் கொடுத்தாலும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. லேட் ஆகிவிட்டதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது நாள் கணக்குப் பார்க்காதது. என் கதையில் இதுதான் பெரிய ஓட்டை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மகப்பேறு நலச் சட்டம் 1961-லேயே வந்தது, இப்போது அது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. பெயர் எதுவானாலும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த முதலாளியிடம் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். ஏற்கனவே இரண்டு பிள்ளை இருந்தால் 12 வாரம். நிரந்தர வேலைக்காரிக்கு மட்டும் என்று எங்கும் இல்லை. டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் (தினக்கூலி வருகைப் பதிவேட்டில்) இருந்த பெண்களுக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது.

என் கணக்கைப் பாருங்கள். பிப்ரவரி ஒண்ணாம் தேதி வேலைக்குச் சேர்ந்தேன், வாரத்துக்கு அஞ்சு நாள் கிடைத்தது. பிரசவத் தேதி நவம்பர் 20. தடைக்காலம் தொடங்கும்வரை பத்து வாரத்துக்குக் கொஞ்சம் கூட, ஏறக்குறைய 52 நாள். ஜூன் 15-க்குப் பிறகு திரும்பப் போய் இன்னும் 28 நாள் பார்த்திருந்தால், அதாவது ஜூலை கடைசிக்குள் கணக்கு முடிந்திருக்கும், அப்போது எனக்கு ஆறாவது மாதம்தான் தொடங்கியிருக்கும். நான் என்ன செய்தேன்? எப்படியும் நிறுத்திவிடுவார்கள், நாமே மரியாதையாக நின்றுவிடலாம் என்று தடைக்காலத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். 28 நாளில் 26 வாரச் சம்பளம் போச்சு. யாரும் என்னைத் துரத்தவில்லை, நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். நினைத்தால் இன்னும் எரிகிறது.

இரண்டாவது பிள்ளைக்கு மளிகைக்கடைக் காலண்டரில் வேலைக்குப் போன நாளையெல்லாம் சுழித்து வைத்தேன். மாதம் முடிந்ததும் கூலிச் சிட்டையோடு சேர்த்து போட்டோ. வேலை இல்லை என்று லே-ஆஃப் விட்ட நாளும், சம்பளத்தோடு கொடுத்த விடுமுறை நாளும் 80 நாள் கணக்கில் சேரும். அதனால் தடைக்காலத்துக்குக் கம்பெனியை மூடும்போது உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, அடித்துவிட்டார்களா என்று கேட்டு வையுங்கள். ஏஜென்ட் மூலம் போகிறவர்கள் ஏஜென்ட் பெயரையும் கம்பெனி பெயரையும் சேர்த்தே எழுதி வையுங்கள். பின்னால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். இன்னொன்று, விடுப்புப் பணத்தை விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் நீங்கள் வாங்கிய தினசரி சராசரியை வைத்துத்தான் போடுவார்கள். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குச் சிட்டை இல்லாவிட்டால் அவர்கள் சொன்னதுதான் கணக்கு.

சிட்டையில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், சின்னத் தொகை என்பதால் கண்ணில் படாது. பிடித்தம் இருந்தால் மகப்பேறு பணம் கம்பெனியிலிருந்து வராது, இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். அங்கே கணக்கு 70 நாள், பார்ப்பது பிடித்தம் கட்டிய நாட்களை. பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டிருந்தால் நமக்கே தெரியாது, ஆகையால் நம்பரை வாங்கி ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது, படிக்காத தாளில் கையெழுத்துப் போடுவது. இது என்னோடு வேலை பார்த்த பெண்கள் பலரும் செய்தது. "சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன்" என்று அச்சடித்தே வைத்திருப்பார்கள், கடைசி வாரக் கூலியை அதோடு சேர்த்து நீட்டுவார்கள், பணம் வாங்கும் அவசரத்தில் யார் படிக்கிறது? படியுங்கள். கூலி வாங்கியதற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். உண்டாகியிருக்கும்போது வேலையை விட்டு எடுத்தாலும், எடுக்காமல் இருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மகப்பேறு பணத்தை அது தடுக்காது. எடுத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நீங்களாக விலகினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

என் மதினி கதை வேறு. ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், 11 மாத ஒப்பந்தம். ஏழாவது மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது, அதோடு எல்லாம் முடிந்தது என்று அவரே முடிவு பண்ணிவிட்டார். "ஒப்பந்தமே இல்லாதப்ப யார்கிட்ட போய் லீவு கேக்குறது?" என்று கேட்டார், கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒப்பந்த டாக்டர் ஒருவர் போட்ட வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, தகுதி வந்துவிட்டால் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மகப்பேறு பலன் தொடரும் என்பதுதான். அதற்காக ஒப்பந்தத்தைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. வேலை போகலாம், பணம் போகக்கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் ஒப்பந்த வேலைக்காரர்கள் செய்யும் தவறு.

கூலி போகுமே என்று நர்சம்மாவிடம் போவதைத் தள்ளிப்போடுவதும் கடைசியில் நஷ்டக் கணக்குதான். அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 பணமாக, 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். அதற்குக் கர்ப்பத்தின் 12 வாரத்துக்குள் பதிவு பண்ணியிருக்க வேண்டும். அரை நாள் கூலியைப் பார்த்து இதை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பிக்மி நம்பர் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டும். அதோடு பேங்க் பாஸ்புக் உங்கள் பெயரில், ஆதார் இணைத்து இருக்கட்டும், வீட்டுக்காரர் கணக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் ஏன் வரவில்லை என்று காத்திருக்காதீர்கள். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகிறவர்கள், பாம்பனிலிருந்து தொண்டிக்குப் போனாலும் சரி, சாயல்குடிக்குப் போனாலும் சரி, இந்த ஊர் நர்சம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கருவாடு காயப்போடுகிறவர்கள், பாசி எடுக்கப் போகிறவர்கள், அதாவது முதலாளி என்று ஒருவர் இல்லாதவர்களுக்கு 26 வாரக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு இந்தத் திட்டமும் நல வாரிய அட்டையும்தான் பிடிமானம், அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இப்போதே புதுப்பியுங்கள்.

உடம்பைப் பற்றி ஒன்றிரண்டு. எழுந்து போனால் முறைப்பார்கள் என்று மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் நிற்பது எங்கள் ஷெட்டில் எல்லோரும் செய்தது. எனக்கு அதில்தான் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து நாலு நாள் படுத்தேன், மிச்சம் பிடித்த கூலியெல்லாம் மருந்துக்குப் போனது. முறைத்தால் முறைக்கட்டும், போய்விட்டு வாருங்கள். பிரசவத் தேதிக்கு முந்தைய ஏறக்குறைய பத்து வாரத்துக்கு, ரொம்ப நேரம் நின்று செய்யும் வேலையும் பளுவான வேலையும் வேண்டாம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தரம் பிரிக்கிற வேலையைக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், டீ அதைச் சேரவிடாது. தலைவலியோடு கண் மங்கினால், முகம் கை வீங்கினால், ரத்தம் பட்டால், பிள்ளை அசைவு குறைந்தால் ஷிப்ட் முடியட்டும் என்று பார்க்காமல் 108-க்குப் போடுங்கள். ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் பாலம் தாண்டித்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பணத்தில் நான் சொல்வது ஒன்றுதான், வளைகாப்புக்காக வாரத் தவணைக் கடன் வாங்காதீர்கள். வேலை நின்றாலும் தவணை நிற்காது. எங்கள் அயித்தை "ஊர் என்ன சொல்லும்" என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தார், அப்புறம் அவரே அஞ்சு வகை சோறு ஆக்கி வளையல் போட்டுவிட்டார். ஊர் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனது.

ராத்திரி தூக்கம் வராமல் போன் வருமா வராதா என்று நினைத்துக்கொண்டு கிடப்பதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதும் இந்த வரிசையில் வரும். உண்டானவள் அழக்கூடாது என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டுப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை.

கம்பெனி பணம் தர மறுத்தால் சண்டை போட்டு ஷெட்டில் கத்துவதில் பலன் இல்லை. ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வக்கீலுக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், 15100 என்ற நம்பரிலும் கேட்கலாம். இரண்டாவது பிள்ளைக்கு நான் அப்படித்தான் காலண்டர், சிட்டை, கார்டு ஜெராக்ஸ், கையெழுத்து வாங்கிய தாள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போய் மனு கொடுத்தேன். பிரசவம் ஆனதற்குச் சான்று கொடுத்த 48 மணி நேரத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களுக்கான மீதிப் பணம் வர வேண்டும் என்பது சட்டம், எனக்கு வந்தது மூன்று மாதம் கழித்து. அதிலும் மருத்துவப் படி 3,500 ரூபாயை விட்டுவிட்டார்கள், அதற்கு இன்னொரு தடவை போக வேண்டியிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போனேன்.