வான்தூ மலையும் ஒரு பழைய செய்தித்தாளும்

பிரான்சின் ப்ரோவான்ஸ் பகுதியில் உள்ள மோன் வான்தூ மலைக்கு மே மாதம் சைக்கிளில் போனபோது ஏற்றத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டேன். அடிவார ஊரான பெதுவானிலிருந்து உச்சிக்கு 21 கி.மீ.; ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரம் ஏற வேண்டும். காட்டுப் பாதையில் வியர்வை கொட்டியது. கடைசி 6 கி.மீ. மரமே இல்லாத வெள்ளைச் சுண்ணாம்புக் கல் வெளி. அங்கே மிஸ்திரால் என்ற குளிர்ந்த வடகாற்று முகத்தில் அறைந்தது.

இறங்கும்போதுதான் சோதனை. நனைந்த சட்டை உடம்பில் பனியாய் ஒட்டியது. நடுக்கத்தில் ஹேண்டில்பாரும் ஆடியது. முழங்காலைக் குறுக்குக் கம்பியில் அழுத்தியதும் ஆட்டம் நின்றது. வழியிலிருந்த உணவகத்தில் பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கி, மார்பில் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். குளிர்காற்றைத் தடுக்கப் பந்தய வீரர்கள் செய்யும் பழைய வித்தை அது. விலையுயர்ந்த என் மேலங்கி விடுதி அறையில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது!

செப்டம்பரில் மறுபடி போனேன். உலர்ந்த பனியன், முழுவிரல் கையுறை, காற்றுத் தடுப்புச் சட்டை மூன்றும் பையில் இருந்தன. உச்சியில் நின்று வியர்வை ஆறுவதற்குள் பனியனை மாற்றினேன். இறக்கத்தில் நடுக்கமே இல்லை. ஜூலையில் போவதானால் விடியலிலேயே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் புழுங்கும்; காட்டுக்குள் காற்றே இராது.