அதிகாரி மேல் புகார் எழுதுகிறீர்களா? அது அவர் மேஜைக்கே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் பட்டா மாறுதலுக்கு நடையாய் நடந்து வெறுத்துப்போனவர்கள் கடைசியில் செய்வது ஒன்றுதான். திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லில் இறங்கி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுவை நீட்டிவிட்டு, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருட்டுவதற்குள் மலையேறிவிடுவார்கள். அந்த மனு அதற்கப்புறம் கோட்டாட்சியருக்குப் போகும், அங்கிருந்து தாசில்தாருக்கு, அவர் 'அறிக்கை அனுப்புக' என்று எழுதிக் கீழே அனுப்ப, பல நேரம் நீங்கள் யார் மேல் புகார் சொன்னீர்களோ அவர் மேஜையிலேயே வந்து உட்காரும். உங்களைப் பற்றிய அறிக்கையை அவரே எழுதுவார்.

எல்லாம் கூட்டுச்சதி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பாதித் தப்பு மனுவில் இருக்கிறது. 'என் பட்டா வரவில்லை' என்ற கோரிக்கையையும் 'இவர் பணம் கேட்டார்' என்ற புகாரையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், பிரித்துப் படிக்கும் எழுத்தர் கண்ணில் பட்டாதான் படும், அது சம்பந்தப்பட்ட பிரிவுக்குப் போய்விடும். அதனால் இரண்டையும் தனித்தனி மனுவாக எழுதுங்கள். புகார் மனுவின் பொருள் வரியிலேயே அலுவலரின் பதவியைப் போட்டு 'ஒழுங்கு நடவடிக்கை கோருதல்' என்று இருக்கட்டும். கடைசிப் பத்தியில், சம்பந்தப்பட்ட அலுவலரிடமோ அவருக்குக் கீழே இருப்பவர்களிடமோ அறிக்கை கேட்காமல் மேல்நிலை அலுவலர் ஒருவரே நேரில் விசாரிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அதை எழுதினால் கேட்டுவிடுவார்களா என்றால், உத்தரவாதம் கிடையாது. ஆனால் பின்னால் மேல்முறையீடு என்று போகும்போது அந்த வரி உங்களுக்கு உதவும்.

அடுத்தது, என்ன எழுதுவது. 'பணத்தாசை பிடித்தவர், ஏழைகளை வாட்டி வதைப்பவர், ஊரே அறியும்' என்பதை வைத்து எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. 'சென்ற மாதம் 12ஆம் தேதி காலை 11 மணி அளவில், கிராம நிர்வாக அலுவலகத்தில், என் உட்பிரிவு பட்டா விண்ணப்பத்தை மேலே அனுப்ப ரூ.5,000 கேட்டார், என் மைத்துனர் அப்போது உடன் இருந்தார், விண்ணப்ப எண் இது' என்று எழுதினால் விசாரிப்பவருக்குப் பிடி கிடைக்கும். ஒரு மனுவில் ஒரே சம்பவம் போதும். அப்புறம் மொட்டைக் கடுதாசி வேண்டாம், பெயரும் முகவரியும் இல்லாததைப் பெரும்பாலும் மேலோடு மடித்து வைத்துவிடுவார்கள்.

பணம் கேட்டிருக்கிறார், இன்னும் கொடுக்கவில்லை என்றால் கலெக்டர் ஆபீசுக்கே போக வேண்டாம். நேராக ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், அதாவது எல்லோரும் லஞ்ச ஒழிப்பு போலீஸ் என்று சொல்கிற ஆட்களிடம் போங்கள், திண்டுக்கல்லிலேயே அலுவலகம் இருக்கிறது. எழுத்துப்பூர்வமாகப் புகார் வாங்கி, முதல் தகவல் அறிக்கை போட்டுவிட்டுத்தான் பொறி வைப்பார்கள். நீங்கள் கொண்டுபோகும் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலின் பவுடரைத் தடவுவார்கள். வேறு துறை அரசு ஊழியர்கள் இரண்டு பேர் சாட்சியாக வருவார்கள். அந்த ஆள் வாங்கியதும் அவர் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்வார்கள், தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். பேப்பரில் 'கையும் களவுமாக' என்று வருவது இதுதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கை சிவந்தது மட்டும் வழக்குக்குப் போதாது, அவர் கேட்டார் என்பது நிரூபணமாக வேண்டும். அதனால் நோட்டை நீங்களாக அவர் பையில் திணிக்கக் கூடாது. அவர் வாயால் கேட்ட பிறகு கொடுங்கள், சாட்சி காதில் விழும்படி. புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனாலும் இறந்தே போனாலும் மற்ற ஆதாரங்களை வைத்து அந்தக் கோரிக்கையை நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் சொல்லியிருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி நீங்கள் நழுவிவிடாதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துத் தொலைத்துவிட்டவர்களுக்கு: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தினால் கொடுத்தேன் என்றால், கொடுத்த 7 நாட்களுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும்.

பெரிய அதிகாரி, மத்திய அரசு ஆள், இவர்கள் தொட மாட்டார்கள் என்று பயப்படுகிறவர்கள் 2023 டிசம்பர் 1ஆம் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவர் ஒருவரிடம் 20 லட்சம் ரூபாய் வாங்கியதாக அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரைத் திண்டுக்கல்லில் கைது செய்தது இந்த மாநில லஞ்ச ஒழிப்பு போலீஸ்தான்.

பணமே நடமாடாத தவறுகள் வேறு கணக்கு. மரியாதையில்லாமல் பேசுவது, ஒப்பந்தக்காரரிடம் பரிசு வாங்குவது, சொத்து வாங்கியதை அரசுக்குச் சொல்லாமல் மறைப்பது எல்லாம் 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்குள் வரும், அவருடைய துறைத் தலைமைக்கு எழுத வேண்டும். நடவடிக்கை எடுப்பது தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின் 17ஆம் விதிப்படி. சின்னத் தவறென்றால் 17 ஏ: குறிப்பாணை, அவர் விளக்கம், உத்தரவு, அவ்வளவுதான், உங்களைக் கூப்பிடவே மாட்டார்கள். பெரிய தண்டனை தருகிற அளவுக்கு இருந்தால் 17 பி. அதில் விசாரணை அலுவலர் ஒருவரை நியமிப்பார்கள், உங்களுக்குச் சாட்சியாக அழைப்பு வரும், குற்றம் சாட்டப்பட்டவர் எதிரிலேயே உட்கார்ந்து உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார். மனுவில் எழுதியதைத் தாண்டி அங்கே ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் பிடித்துக்கொள்வார்கள். ஆறுதல் என்னவென்றால், கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும்.

இந்த வித்தியாசம் கொடைக்கானல்காரர்களுக்குப் புதிது இல்லை. பிளெசன்ட் ஸ்டே ஓட்டலுக்குக் கூடுதல் மாடி கட்ட விதிகளைத் தளர்த்திய அரசாணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே விவகாரத்தில் ஊழல் வழக்காகப் போனபோது, 2000 பிப்ரவரியில் தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்குத் தண்டனை கொடுத்தது, 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. உத்தரவு செல்லாது என்பது ஒரு கேள்வி, அதைப் போட்டவர் குற்றவாளியா என்பது இன்னொரு கேள்வி. அனுமதி மீறிய கட்டடத்தை நிறுத்துவதுதான் உங்கள் நோக்கம் என்றால் அதிகாரி மேல் புகாரோடு நிற்காமல் அனுமதியை எதிர்த்தும் தனியாகப் போங்கள்.

ஊராட்சித் தலைவர் மேல் என்றால் கலெக்டர்தான், 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டுப் பதவி நீக்கம் வரை அவர் போகலாம். அமைச்சர், எம்.எல்.ஏ. மேல் ஊழல் புகார் என்றால் 2018 சட்டப்படி வந்த லோக் ஆயுக்தா, சென்னையில்.

கொடுத்த பிறகு சும்மா உட்கார வேண்டாம். ஒரு மாதம் கழித்து 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதிகாரியின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு வேண்டும் என்று கேட்டால் தனிநபர் தகவல் என்று தட்டிக்கழிப்பார்கள். 'என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலருக்கு அனுப்பப்பட்டது, அவர் அனுப்பிய அறிக்கையின் நகல்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் மழையில் மலைப்பாதை அடைத்துக்கொண்டால், போனில் சொன்னதோடு விடாமல் அன்றே பதிவுத் தபாலில் வேறு தேதி கேட்டு எழுதிப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் 'புகார்தாரர் ஆஜராகவில்லை' என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார்கள்.