பாட்டில் தண்ணீர் எப்படிச் சுத்தமாகிறது? புதியவர்களுக்குப் படிப்படியாக

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடத்தோடு நடந்த அக்கா மகள், தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மாமா, நம்ம குழாய்த் தண்ணியே நல்லாத்தானே இருக்கு, இதுல அப்படி என்ன செய்றாங்க?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

படி 1: மண், துரு, தூசியை வடிகட்டுவது. பெரும்பாலும் 5 மைக்ரான் வடிகட்டி போதும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான்.

படி 2: கரி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமிகளைத் தடுக்கக் குளோராமின் இருக்கிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது இது. குளோரின் என்றால் ஓர் இரவு திறந்து வைத்தாலே பெரும்பகுதி போய்விடும். குளோராமின் அவ்வளவு எளிதில் போகாது. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதைக் கரிதான் எடுக்க வேண்டும்; அதற்காகத் தண்ணீர் கரிப் படுகையில் மெதுவாக இறங்க வேண்டும். அவசரப்பட்டால் மருந்து வாடை மிஞ்சும்.

படி 3: ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ், அதாவது தலைகீழ் சவ்வூடுபரவல்). ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுகிறதல்லவா? உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் தானாக நகரும். ஆர்.ஓ.வில் அழுத்தம் கொடுத்து அதைத் தலைகீழாக்குகிறோம்: தண்ணீர் மென்படலத்தைத் தாண்டுகிறது, கரைந்த உப்பில் பெரும்பகுதி பின்தங்குகிறது. 2003ல் அறிமுகமான நம் புதுநீரும் (கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் ‘நியூவாட்டர்’) இந்தப் படியைக் கடந்துதான் வருகிறது. அந்த உப்பைச் சுமந்துகொண்டு ஒரு பங்கு நீர் கழிவாகப் போவது எனக்கு உறுத்தலான விஷயம்.

பாட்டிலில் ‘டிஸ்டில்டு’ என்று போட்டிருந்தால் வழி வேறு: கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்துப் பிடித்த நீர். ‘நேச்சுரல் மினரல் வாட்டர்’ என்றால் நிலத்தடி ஊற்றிலிருந்து எடுத்து, தாதுக்களை மாற்றாமல் அடைத்தது.

படி 4: கிருமி நீக்கம். கரி குளோராமினை எடுத்துவிட்டதால் தண்ணீருக்கு இப்போது காவல் இல்லை. புற ஊதா விளக்கு, அதன் முன்னே கடக்கும் கிருமிகளை மட்டும் செயலிழக்கச் செய்யும். ஓசோன் சற்று நேரம் தண்ணீரிலேயே தங்கி, பாட்டிலின் உட்புறத்தையும் மூடியையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டு ஆக்சிஜனாக மாறிவிடும். ஆனால் அளவு மீறக் கூடாது: தண்ணீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் என்ற கெடுதலான பொருள் உருவாகும்.

படி 5: கழுவிய பாட்டிலில் உடனே நிரப்பி மூடுவது.

டிடிஎஸ் மீட்டர் வாங்கிச் சோதிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது கரைந்த உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. எண் குறைவாக இருப்பதை நம்பி, திறந்து பல நாளான பாட்டிலைக் குடிக்காதீர்கள். மூடியைத் திறந்து வாய் வைத்துவிட்டால், உள்ளே கிருமியைத் தடுக்க எதுவும் மிச்சமில்லை. மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள்.