தண்ணீர் ஜாடியும் சமையல் தராசும்: உலோகத்தை எடையால் அடையாளம் காண்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்களில் எந்த ஹார்ட்வேர் கடைக்குப் போனாலும் ஒரே மாதிரி பளபளக்கும் இரண்டு பைப் தலைகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்று பித்தளை. விலை குறைந்தது பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, மேலே குரோம் பூச்சு. கையில் தூக்கிப் பார்த்தே சொல்லலாம் என்று நம்ப வேண்டாம். பொருள் பெரிதாக இருந்தால் கை ஏமாந்துவிடும். ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்ப்பதுதான் சரி.

முதலில் தராசு. 5 கிலோ வரை தாங்கி, 1 கிராம் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு போதும். மீன் எடை போடும் கொக்கித் தராசு இதற்கு உதவாது. பல மாடல்கள் 10 கிராம் வீதம்தான் நகரும், நமக்கோ ஒவ்வொரு கிராமும் முக்கியம்.

காய்ந்த எடை. எண்ணெய், துரு, சிமெண்ட் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பைப் தலை என்றால் உள்ளே இருக்கும் தண்டு, வாஷர், பிளாஸ்டிக் கைப்பிடி மூன்றையும் கழற்ற வேண்டும். உதாரணத்துக்கு 412 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீரில் தொங்கவிடுவது. தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். வாய் அகன்ற பிளாஸ்டிக் ஜாடியில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைச் சுழியமாக்குங்கள். பொருளை மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டி, இரண்டு நாற்காலிக்கு நடுவே வைத்த கம்பிலிருந்து முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். கையால் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். பொருளைத் தண்ணீர் எவ்வளவு மேலே தள்ளுகிறதோ, அவ்வளவு பொருளும் தண்ணீரைக் கீழே தள்ளும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர், அதனால் தராசில் தெரியும் கிராம்தான் பொருளின் கன அளவு. 49 என்று வந்தால் 412 ÷ 49 = 8.4, பித்தளை. 62 வந்தால் 6.6, துத்தநாகக் கலவை.

எண் திடீரென்று நூற்றுக்கணக்கில் ஏறினால் பொருள் அடியில் தட்டுகிறது. அதைவிட மோசம் காற்றுக்குமிழி, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே 5 மில்லி காற்று மாட்டிக்கொண்டாலே 49 என்பது 54 ஆகும், பித்தளை 7.6 காட்டும், இரும்போ என்று சந்தேகம் வரும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பொருளைச் சாய்த்துச் சாய்த்து அசைத்தால் குமிழி போய்விடும். மலிவான தராசுகள் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்து, சுழியமாக்கியதையும் மறந்துவிடும். பொருளை நரம்பில் கட்டி முடித்த பிறகே தராசை ஆன் செய்து சுழியமாக்கி, உடனே முக்குங்கள்.

ஒப்பிட: அலுமினியம் 2.7, வார்ப்பிரும்பு 7.2, எஃகு 7.85, 304 ஸ்டெயின்லெஸ் 7.9, பித்தளை 8.4 முதல் 8.7, செம்பு 8.96, ஈயம் 11.3. எஃகையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் இந்த முறையில் பிரிக்கவே முடியாது. அதற்குக் காந்தம் வேண்டும், அதிலும் 430 ரக ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டும் என்பதை மறக்காதீர்கள்.

கட்டுமானச் சாமான். இதைத் தண்ணீரில் முக்க வேண்டியதில்லை, கணக்குப் போதும். கம்பி: மி.மீ. விட்டத்தை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ, 12 மீட்டர் நீளம் 10.7 கிலோ. எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிப்புக்கும் 7.85 கிலோ. 50க்கு 50, 1.6 மி.மீ. ஹாலோ (சதுர எஃகுக் குழாய்) மீட்டருக்கு 2.4 கிலோ. உங்கள் கணக்கைவிட மிகக் குறைவாக நிறுத்தால் தடிப்பில் கை வைத்திருக்கிறார்கள். வெர்னியர் காலிப்பரால் அறுத்த முனையை அளந்து பாருங்கள். பெயிண்ட்டையும் சேர்த்து அளந்துவிடக் கூடாது.

அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் என்று ஆசைப்பட்டுக் கூரைச் சட்டத்துக்கு அதே அளவில் வாங்குகிறவர்கள் உண்டு. அதன் விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் (70 கிகாபாஸ்கல், எஃகுக்கு 200). அதே பாரத்துக்கு மூன்று மடங்கு தொய்யும். வெயிலில் விரிவதும் எஃகைப்போல் இரண்டு மடங்கு: 6 மீட்டர் அலுமினியம் 30 டிகிரி சூடேறினால் 4 மி.மீ. நீளும், ஸ்க்ரூ ஓட்டையைக் கொஞ்சம் நீட்டமாகப் போடுங்கள். ஈரச் சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும். ஜன்னல் சட்டத்தை டேப் ஒட்டி மறைத்த பிறகே பூசுங்கள்.

பிற்சேர்க்கை: பின்னூட்டத்தில் கேட்டவை

வயர் செம்புதானா? பிளாஸ்டிக் உறையை உரித்துவிட்டு இதே சோதனை. 3.3 முதல் 3.6க்குள் வந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வீட்டு வயரிங்குக்கு வேண்டாம். கத்தியால் சுரண்டினாலும் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஓர் அடி வயர் போதாது. கன அளவு 20 மில்லிக்குக் குறைந்தால் 1 கிராம் பிழையே 5 விழுக்காடு. சுருட்டிக் கட்டி நிறையப் போடுங்கள்.

பிக்கப்பில் மணல்? காய்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1.6 டன். பெட்டியை வழிய வழிய நிரப்பினால் ஒரு டன் வண்டி தாங்காது, பாதிக்குச் சற்று மேல் போதும். லேசாக ஈரமான மணல் உப்பிக்கொள்ளும், அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும். அளவுப்பெட்டியால் கலவை போடுகிறவர்கள் அப்போது மணல் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, 20 மூட்டையே ஒரு டன் ஆகிவிடும், அதற்குக் குறைவாகவே ஏற்றுங்கள், ஓட்டுநரும் எடைதான்.