தலைவரைத் தேடும் முன் சட்டத்தைப் பாருங்கள்: பொது வாக்கெடுப்பு ஆணையத்தில் நேரும் தவறுகள்

2018-ல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளக்க ஆள் வந்தபோது, சேலத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "ஊர் ஊரா ஓட்டுப் பெட்டி வெச்சுக் கேட்டுட்டா போச்சு. யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்னு தெரிஞ்சு போயிடும்." நியாயமான ஆசைதான். அடுத்த கேள்வி, அதை நடத்தும் ஆணையத்துக்கு யார் தலைவர்? உடனே ஒரு ஓய்வு பெற்ற நீதிபதியின் பெயரைச் சொல்வார்கள். இல்லையென்றால், நேர்மைக்குப் பேர்போன ஒரு முன்னாள் கலெக்டர். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் உட்காரும் நாற்காலிக்குச் சட்டத்தின் கால் இல்லையென்றால் நிற்காது. 2017-ல் ஸ்பெயினின் கேட்டலோனியா மாகாணத்தில் இதைப் பார்த்தோம். தனிநாடு கேட்டு அக்டோபர் 1-ல் வாக்கெடுப்பு நடத்த, அந்த மாகாண நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, மேற்பார்வைக்கு ஒரு தேர்தல் குழுவையும் அமைத்தது. ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே நிறுத்தி வைத்தது. குழு உறுப்பினர்களுக்கு நாளொன்றுக்கு 12,000 யூரோ வரை அபராதம் என்றதும், வாக்கெடுப்புக்கு முன்பே குழு கலைந்துபோனது. உறுப்பினர்களின் நேர்மையில் யாரும் குறை சொல்லவில்லை. அவர்களைக் காப்பாற்றச் சட்டம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறானது கோவா. மகாராஷ்டிராவோடு சேருவதா, யூனியன் பிரதேசமாகவே இருப்பதா என்று கேட்க, 1966-ல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றியது. 1967 ஜனவரி 16 அன்று இந்தியத் தேர்தல் ஆணையம் வாக்கெடுப்பை நடத்தியது. தனியே இருப்பதற்கு 1,72,191 ஓட்டு, சேருவதற்கு 1,38,170 ஓட்டு. தோற்றவர்களும் முடிவை ஏற்றுக்கொண்டார்கள். நம் அரசியல் சாசனத்தில் பொது வாக்கெடுப்புக்கென்று ஒரு பிரிவு கிடையாது. கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்கக்கூடிய காரியமில்லை இது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் வேண்டும்.

இரண்டாவது தவறு வாக்காளர் பட்டியலில் நடப்பது. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஏற்காடு மலைக்கு மட்டும் ஒரு வாக்கெடுப்பு என்று வைத்துக்கொள்வோம். யார் ஓட்டுப் போடலாம்? தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள், சந்தேகமில்லை. காபி எஸ்டேட்டில் லைன் வீட்டில் இருப்பவர்கள்? ரேஷன் கார்டு மலையிலுள்ள நாகலூரில் இருக்க, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து பண்டிகைக்கு மட்டும் மலையேறும் பையன்? பெங்களூரில் குடியிருந்துகொண்டு மலையில் வில்லா கட்டியவர்? மிளகு பறிக்கும் பருவத்துக்கு மட்டும் வந்து போகிறவர்கள்? எம்.எல்.ஏ. தேர்தலுக்கு "வழக்கமாகக் குடியிருப்பவர்" என்ற விதி போதும். நிலத்தின் தலைவிதியைக் கேட்கும் வாக்கெடுப்பில், இதில் ஒரு பிரிவைச் சேர்த்தாலோ விட்டாலோ முடிவே மாறிப்போகும்.

சூடானில் அபியே என்ற பகுதி இப்படித்தான் சிக்கிக்கொண்டது. 2005 சமாதான ஒப்பந்தப்படி, தெற்கு சூடான் தனியாகப் பிரிவதா என்று கேட்ட அதே நாளில் அபியே மக்களும் எந்தப் பக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கே நிலையாக வாழும் இங்கோக் டிங்கா மக்களுக்கு மட்டும்தான் ஓட்டா, ஆண்டுதோறும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்கு வரும் மிசேரியா மக்களுக்கும் உண்டா என்பதில் தகராறு. ஆணையத்தையே அமைக்க முடியவில்லை. தெற்கு சூடானில் 2011 ஜனவரி 9 முதல் 15 வரை வாக்கெடுப்பு நடந்து, 98.83 சதவீதம் பேர் பிரிவுக்கு ஓட்டளித்து, ஜூலை 9-ல் புது நாடே பிறந்துவிட்டது. அபியேயில் குறித்த நாளில் பெட்டியே வைக்கப்படவில்லை.

இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரில், பிரிந்து போவதா என்று கேட்டு 1999-ல் ஐ.நா. நடத்திய வாக்கெடுப்பில் இதைத் தெளிவாக எழுதி வைத்தார்கள். 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். அங்கே பிறந்தவராகவோ, பெற்றோரில் ஒருவர் அங்கே பிறந்தவராகவோ, அப்படிப்பட்டவரின் கணவனாகவோ மனைவியாகவோ இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தவர்களும் சேர்ந்து 4,51,792 பேர் பதிவு செய்தார்கள். இந்த விதியை ஆணையம் அமைந்த பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கவே கூடாது. ஆணையம் பட்டியலைத் தயாரிக்கட்டும். பட்டியலில் யார் என்ற சண்டையை ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் தீர்த்துவிட்டுத்தான் அதை ஆணையத்தின் கையில் கொடுக்க வேண்டும்.

பணமும் தேதியும் யார் கையில் என்பது அடுத்தது. பப்புவா நியூ கினியில் போகன்வில் தீவுக்கு விடுதலை வேண்டுமா என்று 2019-ல் வாக்கெடுப்பு. ஆணையத்தின் அமைப்பு நன்றாகவே இருந்தது. பப்புவா நியூ கினி, போகன்வில் என்ற இரண்டு அரசுகளின் ஆட்களும் இரு தரப்புத் தேர்தல் ஆணையர்களும் உள்ளே, தலைமைக்கு வெளியாள், அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் பெர்டி அஹர்ன். ஆனால் பணம் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. ஜூன் என்று குறித்த தேதி அக்டோபருக்குப் போய், கடைசியில் நவம்பர் 23-ல்தான் ஓட்டுப்பதிவு தொடங்கியது. இதைப் புரிந்துகொள்ளச் சேலத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மாநிலத் தேர்தல் ஆணையம் அரசியல் சாசனத்தின் 243கே பிரிவில் பிறந்தது. ஆணையரை உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் அல்லாமல் நீக்க முடியாது. அப்படியும் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் வழக்கில் நின்று, வார்டு மறுவரையறையில் இழுத்து, நம் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. 60 வார்டுக்கும் அத்தனை ஆண்டு கவுன்சிலர் இல்லை. சாக்கடை அடைத்தால் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மண்டல அலுவலகத்துக்கு நடந்தவர்களுக்கு, தேதியை நிர்ணயிக்கும் அதிகாரம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

போலீஸ் யார் சொல் கேட்கும்? கிழக்குத் திமோரில் ஐ.நா. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தது, இதில் மட்டும் கோட்டை விட்டது. 1999 மே 5 ஒப்பந்தம் பாதுகாப்பை இந்தோனேசியாவிடமே விட்டது. அதாவது, முடிவில் இழக்கப் போகிறவரிடமே. 78.5 சதவீதம் பேர் பிரிந்து போக ஓட்டளித்தார்கள். செப்டம்பர் 4-ல் முடிவு வந்ததும் வீடுகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். கோவாவில் வாக்கெடுப்புக்கு முன்பாக, இணைப்பை ஆதரித்த தயானந்த் பந்தோட்கரின் அமைச்சரவை பதவி விலகிக்கொண்டது. நிர்வாகம் கட்சிக்காரர் கையில் இல்லாமல் ஓட்டுப்பதிவு நடந்தது. இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று, நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கலாமா என்று கேட்ட வாக்கெடுப்பு, அவசரநிலை அமலில் இருக்கும்போதே நடந்தது. கேட்டவரும் ஆட்சியில் இருந்தவர், பயனடைந்தவரும் அவரே.

அந்த இலங்கை வாக்குச்சீட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். "ஆம்" என்பதற்கு விளக்கு, "இல்லை" என்பதற்குப் பானை. விளக்கேற்றிக் கும்பிடும் வீட்டில் வளர்ந்தவர் கைக்கு எது சுலபம் என்று சொல்ல வேண்டுமா? கோவாவில் இணைப்புக்குப் பூவும், தனித்திருக்க இரட்டை இலையும் கொடுத்தார்கள். 1967 கோவாவில் அது வெறும் இலை. இன்று சேலத்தில் அதே சின்னத்தை வைத்தால் கேள்வி என்னவென்றே யாரும் படிக்கமாட்டார்கள். சின்னத்தை ஆணையம் ஊருக்குள் போய்க் காட்டிச் சோதித்த பிறகே அச்சடிக்க வேண்டும். கேள்வியையும் அப்படித்தான். பிரிட்டனில் 2016 வாக்கெடுப்புக்கு அரசு முதலில் எழுதிய கேள்வி, ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர வேண்டுமா என்று மட்டும் இருந்தது. அங்குள்ள தேர்தல் ஆணையம் அதை மக்களிடம் சோதித்துப் பார்த்து, தொடர்வதா விலகுவதா என்று இரண்டையும் சொல்லும்படி மாற்றச் சொன்னது. மாற்றினார்கள்.

எண்ணுமிடத்தை யாரும் யோசிப்பதில்லை. நம் தேர்தல்களில் பூத் வாரியாக எத்தனை ஓட்டு என்று படிவம் 20-ல் வெளியாகிவிடும். மலையில் நாற்பது வீடு உள்ள ஊரில், எந்தப் பக்கம் விழுந்தது என்று அடுத்த நாளே எஸ்டேட் மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். பிறகு ரகசிய வாக்கு எங்கே? பல வாக்குச்சாவடி ஓட்டுகளைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையமே 2008-ல் கேட்டது, இன்னும் வரவில்லை. திமோரில் எல்லாப் பெட்டிகளையும் தலைநகர் திலிக்குக் கொண்டுவந்து கலந்து எண்ணினார்கள். எந்த ஊர் எப்படிப் போட்டது என்று கடைசிவரை தெரியாது.

எத்தனை பேர் ஓட்டுப் போட்டால் செல்லும், முடிவு யாரைக் கட்டுப்படுத்தும் என்பதையும் முன்பே எழுத வேண்டும். தெற்கு சூடானில் 60 சதவீதம் பேர் வந்தால்தான் செல்லும் என்று வைத்தார்கள். போகன்விலில் செல்லத்தக்க ஓட்டில் 98 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு விழுந்தும், பப்புவா நியூ கினி நாடாளுமன்றம் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருந்தது.

ஏற்காட்டு மக்களுக்கு இன்று கையில் இருப்பது கிராம சபை. ஏற்காடு இருக்கும் ஷெவராய் மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் இறக்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும். அதே பாக்சைட்டுக்காக ஒடிசாவின் நியம்கிரி மலையைத் தோண்டலாமா என்ற வழக்கில், 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் ஒருவர் பார்வையாளராக இருந்தார். 12 ஊர்களும் வேண்டாம் என்றன. அந்த 12 ஊரைத் தேர்ந்தெடுத்தது மாநில அரசு, மலையில் இருந்த மற்ற ஊர்களைக் கேட்கவே இல்லை என்ற புகார் அப்போதே எழுந்தது. அங்கும் பட்டியல்தான் சிக்கல்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊரில் நிலம், சுரங்கம், சாலை என்று எது வந்தாலும், கூட்டத்துக்கு முன்பே கேள்வியை எழுத்தில் கொடுங்கள். தீர்மானப் பதிவேட்டில் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கீழே இடம் விட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.