மிக்ஸர்ல ஒரு சானலை மேலருந்து கீழ வரைக்கும் செட் பண்றது எப்படி

எல்லா மைக் சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புற மிக்ஸர் முன்னாடி முதல் தடவை உட்கார்றவங்க அவ்ளோ நாப்பையும் (திருகுற குமிழ்) பார்த்து மலைச்சுப் போயிடுறாங்க, ஆனா கிட்டப் போய் பாருங்க, ஒரே வரிசைதான் பக்கத்து பக்கத்துல திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஒரு மைக்குக்கான அந்த வரிசைக்குப் பேருதான் சானல், ஒண்ணு புரிஞ்சிட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. நான் அடிக்கடி ஓட்டுறது யமஹா எம்ஜி12எக்ஸ்யூ, அதை வச்சே சொல்றேன், பாட்டு, வயலின், மிருதங்கம்னு ஒரு சின்ன கச்சேரின்னு வச்சுக்கோங்க. பேரு பன்னெண்டு சானல்னு இருந்தாலும் இதுல மைக் குத்த ஆறு இடம்தான், அதை முதல்லயே எண்ணிக்கணும்.

மேல ரெண்டு வழி இருக்கு. மைக்குக்கு மூணு கால் கேனன் (எக்ஸ்எல்ஆர்) பின், கீபோர்டு, எலக்ட்ரானிக் தம்பூரா மாதிரி லைன் சமாச்சாரத்துக்கு பி-38 பின், அதாவது தடிமனான ஒத்தைக் குச்சி மாதிரி இருக்குற கால் இன்ச் ஜாக். தனியா கரண்ட் கேக்குற கண்டென்சர் மைக் இருந்தா 48 வோல்ட் ஃபேன்டம், அதாவது மைக் வயர் வழியாவே மிக்ஸர் அனுப்புற கரண்ட், வேணும், இந்த மிக்ஸர்ல அது எல்லா மைக் சானலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச், தனித்தனியா கிடையாது. எஸ்எம்58 மாதிரி கரண்ட் தேவைப்படாத டைனமிக் மைக்குக்கு சரியான கேபிள்ல போட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா சுவிட்சை தட்டும்போது ஃபேடர் (கீழ இருக்குற, மேலயும் கீழயும் தள்ளுற சத்தக் கட்டை) எல்லாம் கீழ இருக்கணும், இல்லேன்னா ஸ்பீக்கர்ல டொம்முனு ஒரு அடி விழும்.

அடுத்தது கெயின், மைக்லருந்து வர்ற சத்தத்தை உள்ள நுழையும்போதே எவ்ளோ பெருசாக்கணும்னு வைக்கிற நாப். எனக்கு இந்த ஒரு நாப் மேலதான் ரொம்ப அக்கறை, ஏன்னா இதுதான் தலைமடை, ஃபேடர் கடைமடை. தலைமடைல கலங்கின தண்ணிய கடைமடைல தெளிய வைக்க முடியாது. கெயின் ஜாஸ்தியா வச்சு சத்தம் உடைஞ்சிடுச்சுன்னா ஃபேடரை எவ்ளோ இறக்கினாலும் அந்த கரகரப்பு சின்ன சத்தமா கேக்குமே தவிர போகாது, கெயினை ரொம்ப கம்மியா வச்சுட்டு ஃபேடரை தூக்கினா பாட்டோட சேர்ந்து உஸ்ஸுன்னு இரைச்சலும் ஏறும்.

செட் பண்றது இப்படி: ஃபேடர் கீழ, ஈக்யூ (சத்தத்தோட கனம், கூர்மையை மாத்துற) நாப் எல்லாம் நடுவுல, கெயின் சுத்தமா குறைச்சு, அந்த சானலோட பிஎஃப்எல் பட்டனை அமுக்குங்க, மீட்டர்ல அந்த ஒரு சானல் மட்டும் தெரியும். பாடுறவரை ஹலோ ஹலோ சொல்லச் சொல்லாதீங்க, "சார், மேல பஞ்சமம் ஒருதடவை நிறுத்திப் பாடுங்க"ன்னு கேளுங்க, மிருதங்கக்காரர்கிட்ட கச்சேரில வாசிக்கிற வேகத்துலயே ஒரு தீர்மானம் (முடிவுல மூணு தடவை வர்ற அடி) வாசிக்கச் சொல்லுங்க. அந்த பெரிய சத்தத்துல மீட்டர் 0 பக்கம் வரணும், பீக் லைட் சிவப்பா எப்பயாவது ஒரு கண் சிமிட்டினா பரவால்ல, எரிஞ்சுக்கிட்டே இருந்தா குறைங்க. எல்லாம் குறைச்சும் எரிஞ்சா பேட் பட்டனை அமுக்குங்க, 26 டெசிபல் ஒரேயடியா இறங்கும்.

ஆரம்பத்துல நான் ஹலோ ஹலோவுக்கே கெயின் வச்சுட்டேன், கச்சேரில பாடகர் தார ஸ்தாயிக்கு (மேல் ஸ்தாயி) போனதும் பீக் லைட் அணையவே இல்ல, பதறிப் போய் நடுப்பாட்டுல கெயினை இறக்கினேன், அவர் குரல் அவருக்கே கேக்கறதுக்காக காலடில இருந்த மானிட்டர் ஸ்பீக்கரும் அதோட இறங்கிடுச்சு, தன் குரலே கேக்காம அவர் சுருதியைத் தேடினது இன்னும் கண்ணுல நிக்குது. கெயினைத் தொட்டா அதுக்கு கீழ இருக்குற எல்லாமே மாறும், அதனால கச்சேரி ஆரம்பிச்ச பிறகு கை அங்க போகவே கூடாது.

கெயின் பக்கத்துல ஹெச்பிஎஃப்னு ஒரு பட்டன், 80 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டும். குரல் மைக்குக்கு தயங்காம போடுங்க. ஒரு கட்டை சுருதில பாடுற ஆண் பாடகரோட மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமமே கிட்டத்தட்ட 98 ஹெர்ட்ஸ், அதனால குரல் எதுவும் போகாது, ஃபேன் காத்தும் மேடைல தட்டுற சத்தமும்தான் போகும். மிருதங்கத்துக்கு ரெண்டு மைக் வச்சிருந்தா தொப்பி (இடது) பக்கம் மட்டும் போடாதீங்க, அந்த கும்முனு வர்ற நாதத்துக்காகத்தானே ரவை பூசுறாங்க. பெரிய சத்தத்தையும் சின்ன சத்தத்தையும் ஒரே அளவுக்கு நெருக்குற கம்ப்ரஸர் நாப் கச்சேரிக்கு வேண்டாம்ங்கறது என் கட்சி, அதைத் திருகினா சின்ன சத்தமும் மேல வந்து மைக் கூவ ஆரம்பிக்கும்.

ஈக்யூ மூணு நாப்: ஹை 10 கிலோஹெர்ட்ஸ், மிட் 2.5 கிலோஹெர்ட்ஸ், லோ 100 ஹெர்ட்ஸ், மேலயும் கீழயும் 15 டெசிபல். ஏத்துறதை விட இறக்கிப் பழகுங்க. வயலின் காதைக் குத்துதா, மிட்டை லேசா, ஒரு 3 டெசிபல் இறக்கிப் பாருங்க, அப்பவே வில் சத்தம் பட்டு மாதிரி ஆகும்.

மானிட்டருக்குப் போறது ஆக்ஸ் நாப், அதுல பிரீ பட்டன் அமுக்கி இருக்கணும், அப்பதான் ஹாலுக்காக நீங்க ஃபேடரை ஏத்தி இறக்கினாலும் பாடகருக்கு கேக்குறது மாறாது. எக்கோவுக்குப் போறது மட்டும் ஃபேடருக்குப் பிறகு, குரலை இறக்கினா எக்கோவும் சேர்ந்து இறங்கணும்ல. சத்தத்தை இடது, வலது பாக்ஸுக்குப் பிரிக்கிற பேன் நாப் நடுவுலயே இருக்கட்டும், மண்டபத்துல இடது பாக்ஸ் பக்கத்துல உட்கார்ந்த பாட்டிக்கும் வயலின் கேக்கணும்.

கடைசியா ஃபேடர். 0 கோடு பக்கத்துல வச்சே ஓட்டுங்க, அங்க ஒரு விரல் நகர்த்தினா கொஞ்சமாதான் மாறும், ரொம்ப கீழ வச்சு ஓட்டினா அதே ஒரு விரலுக்கு சத்தம் எகிறிடும். தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கிறது) வரும்போது மிருதங்கத்தை லேசா தூக்குங்க, குரல் மைக்கை கொஞ்சம் இறக்கி வைங்க, தனி முடிஞ்சு பாடகர் பல்லவியை எடுக்கறதுக்கு முன்னாடி குரல் ஃபேடர் பழைய இடத்துல இருக்கணும், அதுக்கு தனியோட முடிவுல கோர்வை வரும்போதே விரலை அதுமேல வச்சிருங்க. மங்களம் முடிஞ்சதும் ஃபேடர் எல்லாம் கீழ, ஃபேன்டம் ஆஃப், கொஞ்ச நேரம் விட்டு அப்புறமா மைக் வயரைக் கழட்டுங்க.